முழங்கால் ஜவ்வு கிழிந்திருக்கிறது, ஆபரேஷனுக்குத் தேதியும் குறித்தாகிவிட்டது. என்ன செய்வது?

வாசகி ஒருவர் விரிவாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 51. ஏழு வருடமாக சைக்கிள் ஓட்டுகிறார். போட்டிக்கெல்லாம் இல்லை, பிடித்திருக்கிறது என்பதற்காக. வார நாட்களில் இரண்டு முறை 20 கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு 50 அல்லது 60. ஐந்து மாதங்களுக்கு முன்னால் இடது முழங்காலின் உள்பக்கம் வலிக்க ஆரம்பித்தது. கீழே விழவில்லை, அடிபடவும் இல்லை. படி இறங்கும்போதும் தரையில் உட்கார்ந்து எழும்போதும் வலி, நீண்ட தூரம் ஓட்டினால் மறுநாள் லேசான வீக்கம். சில சமயம் மூட்டு பிடித்துக்கொண்டது போலிருக்கும், காலை ஒரு உதறு உதறினால் சரியாகிவிடும். எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் மூன்று விஷயங்கள்: உள்பக்க மெனிஸ்கஸின் (ஜவ்வின்) பின்பகுதியில் கிரேடு 3 கிழிசல், கிடைமட்டமானது, குருத்தெலும்பில் லேசான தேய்மானம், மூட்டுக்குள் கொஞ்சம் நீர்.

முதலில் பார்த்த மருத்துவர், சிறு துளை போட்டு கிழிந்த பகுதியை எடுத்துவிடலாம் என்று மூன்று வாரம் தள்ளித் தேதி கொடுத்திருக்கிறார். இரண்டாவது மருத்துவர் பிசியோதெரபி போதும் என்கிறார். கணவர், சைக்கிளை விற்றுவிடு என்கிறார். இதற்கு நடுவே நான்கு மாதத்தில் ஒரு 100 கிலோமீட்டர் குழுப்பயணம், அதற்குப் பெயர் கொடுத்தாயிற்று. “இப்போதே ஆபரேஷன் செய்துகொண்டால் இரண்டு வாரத்தில் ஓட்ட ஆரம்பித்து பயணத்துக்குத் தயாராகிவிடலாம். தள்ளிப்போட்டால் கிழிசல் பெரிதாகி கடைசியில் மூட்டையே மாற்ற வேண்டி வருமோ என்று பயமாக இருக்கிறது. எது சரி, டாக்டர்?” என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்கும் இந்த ஆபரேஷனைச் செய்கிற எலும்பு மூட்டு மருத்துவர்களில் நானும் ஒருவர். காலைத் தொட்டுப் பார்க்காமல் கடிதத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், ஒரே ஒரு விஷயத்தை மட்டும் உறுதி செய்துகொண்டு அந்தத் தேதியைத் தள்ளிவைப்பதுதான் நல்லது என்று நினைக்கிறேன். அந்த ஒரு விஷயம் என்ன என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்களைப் பயமுறுத்தியிருக்கும் ரிப்போர்ட்டைப் பார்த்துவிடுவோம்.

கிரேடு 3 என்றால் முற்றிய நிலை இல்லை

நாம் ஜவ்வு என்று சொல்லும் மெனிஸ்கஸ், பிறைநிலா வடிவத்தில் ஒவ்வொரு முழங்காலிலும் இரண்டு இருக்கிறது. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் உட்கார்ந்து உடல் எடையைப் பரப்பிக் கொடுப்பது அதன் வேலை. ஸ்கேன் படத்தில் அதற்குள் தெரியும் மாற்றம் மேற்பரப்பைத் தொடாமல் உள்ளேயே நின்றால் கிரேடு 1 அல்லது 2, மேற்பரப்பு வரை வந்தால் கிரேடு 3. அவ்வளவுதான். மூன்றாம் கட்டப் புற்றுநோய் என்பது போல இதைப் படித்து ராத்திரி தூக்கம் கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்களும் அப்படித்தான் படித்திருப்பீர்கள் என்று உங்கள் கடிதத்தின் தொனி சொல்கிறது.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. இந்த வயதில் ஜவ்வில் கிழிசல் இருப்பது தலைமுடி நரைப்பதைப் போலச் சாதாரணம். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாமில் 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேரின் முழங்காலை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து 2008-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்கள் முழங்கால் வலிக்காக ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் இல்லை, பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியோ இறுக்கமோ எதுவும் இல்லை. ஆக, உங்கள் முழங்காலில் வலி இருப்பதும் உண்மை, கிழிசல் இருப்பதும் உண்மை. அந்தக் கிழிசல்தான் அந்த வலிக்குக் காரணம் என்பதை ஸ்கேன் மட்டும் நிரூபிக்காது. லேசான தேய்மானமும் வலிக்கும். தொடைத் தசை இளைத்துப்போய் மூட்டின் மேல் சுமை கூடினாலும் வலிக்கும். கிழிந்ததை வெட்டி எடுத்தால் வலி போய்விடும் என்ற கணக்கு தப்புவது இங்கேதான்.

நறுக்கி எடுத்தால் என்ன கிடைக்கும்?

இதைக் கண்டுபிடிக்க ஃபின்லாந்தில் ஒரு துணிச்சலான ஆய்வு செய்தார்கள். 35 முதல் 65 வயது வரையுள்ள 146 பேர், எல்லோருக்கும் அடிபடாமல் தானாக வந்த உள்பக்கக் கிழிசல். எல்லோரையும் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய், துளை போட்டு, உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார்கள். பிறகு ஒரு பாதிப் பேருக்குக் கிழிந்த பகுதியை நறுக்கி எடுத்தார்கள். மறு பாதிக்கு நறுக்குவது போலப் பாவனை மட்டும்தான். யாருக்கு எது நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் வலி குறைந்திருந்தது, ஏறக்குறைய ஒரே அளவில். 2013-ல் வெளியான ஆய்வு இது. ‘பிடித்துக்கொள்கிறது’ என்று சொன்னவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்தபோதும், நறுக்கியதால் அவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

அந்த ஆய்வில் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை, எனக்குத்தான் லேசாக இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே வருடம் அமெரிக்காவில், 45 வயதைத் தாண்டிய, தேய்மானமும் கிழிசலும் சேர்ந்து இருந்த 351 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வு வெளியானது. ஒரு பிரிவுக்கு ஆபரேஷனும் பிசியோதெரபியும், மறு பிரிவுக்குப் பிசியோதெரபி மட்டும். ஆறு மாதத்தில் இரு பிரிவினரின் முன்னேற்றத்திலும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. பிசியோ பிரிவில் சுமார் 30 சதவீதம் பேருக்கு அது போதாமல், அந்த ஆறு மாதத்துக்குள் அவர்களும் ஆபரேஷனுக்குப் போனார்கள். இந்த எண்ணை நான் மறைக்க விரும்பவில்லை. பத்துப் பேரில் மூன்று பேருக்குப் பயிற்சி மட்டும் போதவில்லை என்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அப்படித் தாமதமாகப் போனவர்களும் ஒரு வருட முடிவில், முதலிலேயே செய்துகொண்டவர்களைப் போலவே இருந்தார்கள். மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்பதால் நீங்கள் வாய்ப்பை இழந்துவிட மாட்டீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் ஆதாரம்.

தள்ளிப்போட்டால் கிழிசல் பெரிதாகுமா? கொஞ்சம் ஆகலாம், ஆகாமலும் போகலாம். கிழிசலின் அளவும் வலியின் அளவும் சேர்ந்து நடப்பதில்லை. ஆனால் ஒன்று நிச்சயம்: நறுக்கி எடுத்த ஜவ்வு திரும்ப வளராது. அதன் வெளி விளிம்புக்கு மட்டும்தான் நல்ல ரத்த ஓட்டம், உட்பகுதிக்குக் கிடையாது. ஒரு காலத்தில் மெனிஸ்கஸால் எந்தப் பயனும் இல்லை என்று நம்பி முழுவதுமாக எடுத்துவிடுவார்கள். அப்படி எடுத்த மூட்டுகள் எக்ஸ்ரேயில் எப்படி மாறுகின்றன என்று ஃபேர்பேங்க் என்ற மருத்துவர் 1948-லேயே எழுதிவைத்தார். இப்போது நாங்கள் எடுப்பது சிறு பகுதிதான். ஆனாலும் எடுத்த அளவுக்கு, மூட்டின் மேல் அழுத்தம் கூடும். மூட்டு மாற்று ஆபரேஷனைத் தவிர்ப்பதற்காக ஜவ்வை நறுக்கிக்கொள்வது என்ற உங்கள் கணக்கு, அதனால் தலைகீழாக இருக்கிறது.

தேதியைத் தள்ளுவதற்கு முன் கேட்க வேண்டியது

நான் முதலில் சொன்ன அந்த ஒரு விஷயம் இதுதான். மெனிஸ்கஸின் இரு முனைகளும் எலும்போடு ஒட்டியிருக்கும். அந்த இடத்துக்கு வேர் என்று பெயர். பின்பக்க வேர் அறுந்துவிட்டால், ஜவ்வு முழுசாக இருந்தும் பிடிமானம் இல்லாமல் வெளியே பிதுங்கிவிடும். ஜவ்வையே எடுத்துவிட்டது போல மூட்டு வேகமாகத் தேயும். இது பெரும்பாலும் நடுத்தர வயதினருக்கு, அதிலும் பெண்களுக்கு வருகிறது. விழாமலே வரும். குனிந்து உட்கார்ந்து எழும்போதோ ஒரு படி இறங்கும்போதோ முழங்காலின் பின்பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம், அதோடு சட்டென்று ஒரு கடுமையான வலி என்று சொல்வார்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. நீங்கள் எழுத மறந்திருக்கலாம் என்பதால் கேட்கிறேன்: அப்படி ஒரு தருணம் நினைவிருக்கிறதா?

உங்கள் ரிப்போர்ட் பின்பகுதிக் கிழிசல் என்கிறது, வேரைப் பற்றிப் பேசவில்லை. அதனால் ஸ்கேன் படங்களை (ரிப்போர்ட் தாளை மட்டும் அல்ல) எடுத்துக்கொண்டு போய் இரண்டு மருத்துவர்களில் ஒருவரிடம் நேராகக் கேளுங்கள்: “பின்பக்க வேர் முழுசாக இருக்கிறதா? ஜவ்வு 3 மில்லிமீட்டருக்கு மேல் வெளியே பிதுங்கியிருக்கிறதா?” வேர் அறுந்திருந்தால், இதுவரை நான் சொன்ன ஆய்வுகளை உங்கள் மேல் பொருத்தக் கூடாது. அங்கே நறுக்குவது பற்றிய பேச்சே வேண்டாம். வேரைத் திரும்ப எலும்போடு சேர்த்துத் தைக்கலாமா என்பதைச் சீக்கிரம் முடிவு செய்ய வேண்டியிருக்கும். அதில் மூன்று மாதம் காத்திருப்பது சரியில்லை.

அதேபோல, பிடித்துக்கொள்வது வேறு, பூட்டிக்கொள்வது வேறு. உதறினால் சரியாவது பிடிப்பு. காலை முழுவதும் நீட்டவே முடியாமல், மணிக்கணக்கில் பாதி மடங்கிய நிலையிலேயே நின்றுபோனால் அது பூட்டு. கிழிந்த ஜவ்வு புரண்டு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கலாம். அதற்கு ஆபரேஷன் தேவைப்படும், அதுவும் சீக்கிரமாக.

சைக்கிளை விற்க வேண்டாம்

உங்கள் கணவரின் கவலை புரிகிறது. ஆனால் அவர் குற்றவாளியைத் தவறாகப் பிடித்திருக்கிறார். செயற்கை மூட்டுக்குள் அளவுமானி வைத்து அளந்திருக்கிறார்கள். நடக்கும்போது முழங்காலில் விழும் சுமை உடல் எடையைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். நிதானமாக சைக்கிள் மிதிக்கும்போது சுமார் ஒன்றேகால் மடங்குதான். வீட்டுக்குள் நடப்பதைவிடச் சைக்கிளில் மூட்டுக்குச் சுமை குறைவு. சைக்கிள் இந்தக் கிழிசலை உண்டாக்கியது என்று சொல்ல எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

ஆனால் சைக்கிள் சரியான அளவில் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சீட்டில் உட்கார்ந்து, பெடல் மிகக் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு வழக்கம்போல் பாதத்தின் முன்பகுதியை வைத்தால், முழங்கால் 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்கும். சீட் தாழ்வாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் மூட்டு அளவுக்கு மீறி மடங்கும். மாற்றுவதானால் ஒரு தடவைக்கு 5 மில்லிமீட்டர் போதும், இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த மாற்றம். கனமான கியரில் மெதுவாக மிதிப்பதைவிட, லேசான கியரில் நிமிடத்துக்கு 80, 90 சுற்று மிதியுங்கள். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிப்பதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

சைக்கிள் ஓட்டுபவர்கள் கவனிக்காமல் விடும் இரண்டு இடங்கள் உண்டு. ஷூவை பெடலில் மாட்டும் கிளீட் வகை உபயோகித்தால், கழற்றுவதற்காகக் குதிகாலை வெளியே திருப்பும் அந்த நொடியில் முழங்கால் முறுக்கப்படுகிறது. அதன் ஸ்பிரிங்கைத் தளர்த்துங்கள், அல்லது சில மாதம் சாதாரணத் தட்டைப் பெடலுக்கு மாறிவிடுங்கள். இன்னொன்று, இறங்குவது. பெரும்பாலானோர் இடது பக்கம் இறங்குவோம். இடது காலைத் தரையில் ஊன்றி, வலது காலைப் பின்னால் சுழற்றி எடுக்கும்போது மொத்த உடம்பும் அந்த ஒற்றை முழங்காலின் மேல் திரும்புகிறது. உங்களுக்கு வலிப்பது அதே இடது முழங்கால். இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றுவிட்டு, சைக்கிளை ஒரு பக்கம் நன்றாகச் சாய்த்துத் தாண்டி வாருங்கள்.

பிசியோதெரபி என்றால் எது?

“ஏற்கனவே பத்து நாள் பிசியோ போனேன், சூடு வைத்தார்கள், கரன்ட் வைத்தார்கள், பலனில்லை” என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதைப் பிசியோதெரபி தோற்றுவிட்டது என்ற கணக்கில் சேர்க்காதீர்கள். சூடும் கரன்ட்டும் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், தசையை வளர்க்காது. ஆய்வுகளில் ஆபரேஷனுக்கு ஈடாக நின்றது தசைப் பயிற்சி. நார்வேயில் 140 பேரை வைத்து நடந்த ஆய்வில் 12 வாரம், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, படிப்படியாகச் சுமையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். இரண்டு வருடம் கழித்தும் நறுக்கியவர்களும் பயிற்சி செய்தவர்களும் சமமாகவே இருந்தார்கள்.

நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, தாழ்வான படியில் வலிக்கும் காலை வைத்து ஏறி மெதுவாக இறங்குவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது. இவற்றில் தொடங்கி, பிறகு எடை சேர்த்து, ஒற்றைக் காலுக்கு மாற்றி என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் உங்களுக்கென்று வடிவமைக்க வேண்டும். “நான்தான் சைக்கிள் ஓட்டுகிறேனே, கால் பலமாகத்தானே இருக்கும்” என்று நினைக்காதீர்கள். சைக்கிள் மூச்சுக்கும் தாங்குதிறனுக்கும் நல்லது. பக்கவாட்டு இடுப்புத் தசைக்கும், உடல் எடையைத் தாங்கி இறங்கும் வேலைக்கும் அது பயிற்சி தருவதில்லை. படி இறங்கும்போது வலிக்கிறது என்று நீங்கள் சொல்வது அதோடு ஒத்துப்போகிறது.

வலித்தால் நிறுத்த வேண்டுமா? பத்துக்கு இரண்டு வரை வலி இருந்தால் தாராளமாகத் தொடருங்கள். ஐந்து வரை போனாலும், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் பரவாயில்லை. காலையில் வீக்கமோ வலியோ கூடியிருந்தால் அடுத்த முறை அளவைக் குறையுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டக் கிளம்புவதை மட்டும் செய்யாதீர்கள், இந்தக் கணக்கே தெரியாமல் போய்விடும். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். வலியால் பயிற்சியையே தொடங்க முடியவில்லை என்றால் ஒருமுறை போடலாம். திரும்பத் திரும்பப் போட்டால் குருத்தெலும்பு மெலியக்கூடும்.

அப்படியும் ஆபரேஷன்தான் என்று வந்தால்

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் வலி குறையவில்லை என்றால், ஆபரேஷன் பற்றி மறுபடி பேசலாம். அது தோல்வி இல்லை. ஆனால் சம்மதப் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன், நறுக்கப் போகிறீர்களா, தைக்கப் போகிறீர்களா, உள்ளே பார்த்த பிறகு மனம் மாறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நோயாளிகள் அதிகம் ஏமாற்றமடைவது இந்த இடத்தில்தான்.

நறுக்குவது என்றால் பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம், சில நாள் ஊன்றுகோல். பெடல் ஒரு முழுச் சுற்று வர முழங்கால் சுமார் 110 டிகிரி மடங்க வேண்டும். அந்த அளவு மடங்கி, தையல் காயமும் ஆறினால், இரண்டு வார வாக்கில் அசையாமல் நிற்கும் பயிற்சி சைக்கிளில் சுமையில்லாமல் மிதிக்கலாம். நீங்கள் கேள்விப்பட்ட ‘இரண்டு வாரம்’ இதுதான். ரோட்டில் ஓட்ட நான்கிலிருந்து ஆறு வாரம், நீண்ட தூரத்துக்கு இரண்டு மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டில் வீக்கம் இருக்கும்வரை தொடைத் தசை சரியாக இயங்காது, அதைத் திரும்பக் கட்டுவதற்கு எப்படியும் இதே பயிற்சிகளைத்தான் செய்ய வேண்டும். தைப்பது என்றால் முழங்காலுக்குப் பட்டை, நான்கு முதல் ஆறு வாரம் 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, முழு ஓட்டத்துக்கு நான்கிலிருந்து ஆறு மாதம். வேரைத் தைத்தால் அதைவிடவும் நீளலாம்.

இது சிறிய ஆபரேஷன்தான். ஆனாலும் தொற்றும், காலில் ரத்தக்கட்டும் அபூர்வமாக வரும். அதன் பிறகு காய்ச்சலோடு மூட்டு சிவந்து சுட்டாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே போக வேண்டும்.

குறித்த தேதியை ரத்து செய்தால் மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்குகிறீர்கள். கையெழுத்துப் போட்ட பிறகும், ஆபரேஷன் தொடங்கும்வரை மனதை மாற்றிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. “மூன்று மாதம் பயிற்சி செய்து பார்க்கிறேன், சரியாகவில்லை என்றால் உங்களிடமே வருகிறேன்” என்று சொல்லுங்கள். நல்ல மருத்துவர் அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம், அந்த 100 கிலோமீட்டர். ஆபரேஷன் தேதியை அந்தப் பயணத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். வேர் நன்றாக இருந்தால், முதல் மாதம் சமதளத்தில் 15, 20 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மறுநாள் காலை மூட்டு எப்படி இருக்கிறது என்று பார்த்து வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். மூன்றாவது மாத முடிவில் 60 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, மறுநாள் வீக்கமில்லாமல் படி இறங்க முடிந்தால் பயணத்துக்குப் போங்கள். முடியவில்லை என்றால் இந்த முறை பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பயிற்சியைத் தொடருங்கள். வேரைப் பற்றி மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.